கான்டெசாவுக்கு கிளட்ச் செட்டு: எது வாங்கலாம், எங்க குடுக்கலாம்

நம்மூர்ல மசில் கார்னு சொன்னா அது கான்டெசா தாங்க, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. அமெரிக்காக்காரனுக்கு மஸ்டாங், கமாரோ, ஜிடிஓன்னு வரிசையா இருக்கு, நமக்கு 1984ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் விட்ட இந்த நீட்டு மூக்கு வண்டி ஒண்ணு தான். இங்கிலாந்து வாக்ஸ்ஹால் விக்டரோட பாடி, ஆரம்பத்துல அம்பாசடரோட 1489 சிசி இன்ஜினவே போட்டு விட்டாங்க, அந்த ஒடம்ப அது எங்க இழுக்கறது, பொறகு இசுசுவோட 1817 சிசி பெட்ரோல் இன்ஜினும் 5 கியர் பாக்ஸும் வந்துச்சு பாருங்க, அப்பத்தான் வண்டிக்கு உசுரே வந்துச்சு. 2002ல நிறுத்திட்டாங்க. ஆனா கோயமுத்தூர், திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் மில்லுக்காரங்க தோப்புக்காரங்க ஊட்டுல இன்னமும் தார்ப்பாய் போத்தி வெச்சு ஆசையா பாத்துக்கறவங்க இருக்காங்க, எங்க அப்புச்சி வாங்குன 1.8ம் அதுல ஒண்ணு, இப்ப நான் ஓட்டறேன்.

கிளட்ச் செட்டு (ரெண்டு பக்கமும் உரசற லைனிங் அடிச்ச பிளேட்டு, அத ஃப்ளைவீல்ங்கற இன்ஜின் சக்கரத்தோட சேத்து அமுக்கற பிரஷர் பிளேட்டு, மிதிச்சா அத விடுவிக்கற ரிலீஸ் பேரிங்) தேடி நெம்ப அலைஞ்சுட்டு கடைசில ஒரு நல்ல எடத்துல போய்ச் சேந்தேன், அடுத்து மாத்தப் போறவங்களுக்கு ஒதவட்டும்னு தான் எழுதறேன். செட்டப் பத்தியும் சொல்றேன், கோயமுத்தூர்ல கணபதிங்கற ஏரியாப் பக்கம் இருக்கற அந்த கிளட்ச் பட்டறையப் பத்தியும் சொல்றேன். பட்டறைக்கு போர்டு கெடையாது, பேரு கீரு எங்கயும் போட வேண்டாங் கண்ணு, இருக்கற சோலியே கைகொள்ளலைன்னு அந்த அண்ணன் கேட்டுக்கிட்டாரு, அதனால பேரு போடல. லேத்து பட்டறைங்க இருக்கற சந்துல போயி லைனிங் அடிக்கற அண்ணன்னு கேட்டா கையக் காட்டுவாங்க.

மொதல்ல போனது கிளட்ச் தானான்னு உறுதி பண்ணிக்கோங்க. சமமான எடத்துல வண்டிய நிறுத்தி, முன்னாடி ஆள் இல்லாம பாத்துக்கிட்டு, ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்து, நாலாவது கியரப் போட்டு லேசா ஆக்ஸிலேட்டர் குடுத்து கிளட்ச விடுங்க, இன்ஜின் பொசுக்குன்னு அணைஞ்சா பிளேட்டு புடிக்குது, அணையாம உருமிட்டே நின்னா வழுக்குது. ஒருக்கா பண்ணுனா போதும், திரும்பத் திரும்பப் பண்ணுனா வழுக்கற பிளேட்டு சூடாகி மிச்சம் இருக்கறதும் போயிரும். கியரே விழாம, ரிவர்ஸ் போடறப்ப கரகரன்னு கடிச்சா அது வேற கதைங்க, அங்க கிளட்ச் முழுசா விடல, எண்ணெய் அழுத்தத்துல கிளட்ச் வேலை செய்யற ஹைட்ராலிக் வண்டியா இருந்தா மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் ரப்பரப் பாருங்க, பல பேரு ஒரு ரப்பருக்காக கியர்பாக்ஸையே எறக்கிட்டு ஒக்காந்திருக்காங்க.

என்ற வண்டி வால்பாறை ஏறறப்ப தான் காட்டிக் குடுத்துச்சு. ஆழியார் தாண்டி ரெண்டு மூணு வளைவு போனதுமே இன்ஜின் சத்தம் ஏறுது, வண்டி ஏற மாட்டேங்குது, ஒரு கருகுன நாத்தம் வேற. செரி மாத்தியே ஆகணும்னு ஆனதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒரு ரோசனை சொல்ல ஆரம்பிச்சாங்க. லைனிங்குக்கு செராமிக் போடு, ஆயுசுக்கும் பேச்சே இல்லைன்னாரு ஒருத்தர். கெவ்லார் நாருல போடுன்னாரு இன்னொருத்தர். பழைய பிளேட்டுக்கே லைனிங் அடிச்சுக்கலாம் எதுக்கு காச விடறன்னாரு பெரியப்பா. இன்டர்நெட்டத் தொறந்தா அமெரிக்காக்காரன் ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3ன்னு வித்துட்டு இருக்கான்.

அந்த ஸ்டேஜ் கணக்க நம்பாதீங்க, அதுக்குப் பொதுவான அளவு எதுவும் கெடையாது, ஒவ்வொரு கம்பெனியும் அவங்கவங்க வெச்சது தான் ஸ்டேஜ். அவங்க வண்டியும் வேற பாருங்க, 1964ல வந்த பான்டியாக் ஜிடிஓல 389 கன அங்குல வி8, அதாவது 6.4 லிட்டர் வாக்குல, அந்தக் காலத்துக் கணக்குல சாதாரண மாடலுக்கே 325 குதிரை. நம்ம இசுசு 1.8 தொண்ணூறு குதிரைக்குள்ள தான் இருக்கு. அங்க வேணுங்கற கிளட்ச இங்க போட்டா தொடை வலி தான் மிச்சம்.

ஒரு கிளட்ச் எவ்வளவு தாங்கும்ங்கறது நாலு விசயத்துல அடங்கிரும். பிரஷர் பிளேட்டு எவ்வளவு அமுக்குது, லைனிங் எவ்வளவு உரசுது, பிளேட்டோட வட்டம் எவ்வளவு பெருசு, எத்தன முகம் உரசுது, அது ரெண்டு முகம். நார், பிசின் கலந்த சாதா ஆர்கானிக் லைனிங்கோட உராய்வு 0.3 வாக்குல இருக்கும், செராமிக் பட்டன் அதுக்கு மேல போகும், சூடும் எச்சா தாங்கும். அப்ப செராமிக்கே போட்டுக்கலாமேன்னு தோணும். ஆனா கம்பெனி குடுத்த அளவுல ஆர்கானிக் பிளேட்டு நல்லா இருந்தா இந்த இன்ஜினோட இழுவைய தாங்கி அதுக்கு மேலயும் கொஞ்சம் கையிருப்பு இருக்கும், அப்பறம் எதுக்குங்க கூடுதல் புடி? கூடுதல் புடிக்கு நாம வெல குடுக்கறது அரை கிளட்ச்ல. செராமிக்ல அரை கிளட்ச்னு ஒண்ணு கெடையவே கெடையாதுன்னு சொல்லலாம், விட்டா டக்குன்னு புடிச்சு வண்டி குதிக்கும், ஃப்ளைவீலையும் தின்னும். மலையில பஸ்ஸுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு நின்னு நின்னு ஏறறப்ப, திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாயங்காலம் ஊர்ந்து போறப்ப, நமக்கு வேணுங்கறது நல்லா விடற கிளட்ச். என்னைக் கேட்டா பழைய வண்டிக்கு கிளட்ச் எடுக்கறப்ப எப்புடிப் புடிக்குதுங்கறதோட எப்புடி விடுதுங்கறதையும் அதே அளவுக்குப் பாக்கணும்.

திருப்பூர்ல என்ற மாப்ள ஒருத்தரு கான்டெசால டர்போ டீசல் இன்ஜின் ஏத்தி செராமிக் பட்டன் போட்டிருக்காரு. ஓட்டிப் பாத்தேன். நேர் ரோட்டுல அருமையா இருக்கு, சிக்னல்ல ஒவ்வொரு வாட்டியும் கழுத்து முன்னாடி போயிட்டு வருது, சம்சாரம் அந்த வண்டில ஏறறதையே நிறுத்திட்டாங்களாம். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேல கொண்டு போயி ஓட்டறதுக்குன்னே வண்டி கட்டறவங்க செராமிக் போட்டுக்கட்டும், அங்க அதுக்கு அர்த்தம் இருக்கு. இன்ஜின் மாத்தி இழுவை ஏறுன வண்டிய ரோட்டுல தான் ஓட்டப் போறோம்னா, பெரிய வட்டத்துல ஆர்கானிக் பிளேட்டு உக்காருமான்னு மொதல்ல பாக்கணும், இல்லைன்னா கெவ்லார். கெவ்லார் பதமா தான் புடிக்கும், நாளும் வரும், ஆனா பழக்கறதுக்கு நெம்ப பொறுமை வேணும், ஒருக்கா நல்லா சூடேறி பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆயிருச்சுன்னா அதோட போச்சு.

பிரஷர் பிளேட்டு விசயத்துலயும் ஒண்ணு சொல்லிடறேன். காயில் ஸ்பிரிங் வெச்ச மூணு விரல் டைப்பு தான் கெட்டின்னு சில பேரு சொல்லுவாங்க, பழைய அமெரிக்க வண்டிகள்ல போர்க் அண்ட் பெக், லாங்னு அந்த டைப்பு தான் எச்சா வந்துச்சு, லாங் டைப்புல விரல் நுனில எடைக்கட்டி வெச்சிருப்பாங்க, ஆர்பிஎம் ஏற ஏற அது வீசி இன்னும் அமுக்கும், டிராக் ரேஸ் ஓட்டறவங்களுக்கு அது தேவையா இருந்துச்சு. ஆனா காயில் ஸ்பிரிங்ல லைனிங் தேயத் தேய அமுக்கற பலம் கொறைஞ்சுட்டே வரும். வட்டத் தகடே ஸ்பிரிங்கா இருக்கற டயஃப்ரம் டைப்புல அப்புடி கொறையாது, மிதிக்கறதுக்கும் லேசு, பாதிக்கு மேல மிதிச்சா அதுவே எறங்கிக் குடுக்கும். ரோட்டுல ஓட்டற வண்டிக்கு டயஃப்ரம் தான், வேற பேச்சு வேண்டாம்.

இனி கடை விசயம். சத்தி ரோட்டுப் பக்கம் ஸ்பேர்ஸ் கடைகள்ல போனா வேலியோ, லூக், எக்ஸெடின்னு பெட்டி பெட்டியா இருக்கும், எல்லாமே பேர் வாங்குன கம்பெனி, பழைய மெக்கானிக்குங்க இன்னமும் வேலியோவ ரெப்கோன்னு தான் கேப்பாங்க, சென்னைல அமால்கமேஷன்ஸ் ரெப்கோன்னு இருந்தது தான் பொறகு வேலியோவோட சேந்துச்சு. ஆனா 2002லயே நின்னு போன வண்டிக்கு ரேக்குல செட்டு கெடைக்கறது அதிர்ஷ்டம் தாங்க. கேக்கறப்ப கான்டெசான்னு மட்டும் கேக்காதீங்க, அம்பாசடர் 1800 இசுசுன்னும் கேளுங்க, அதே இன்ஜினும் 5 கியரும் அம்பாசடர்லயும் வந்துச்சு, அந்தப் பேருல தான் எச்சா சரக்கு வெளிய வரும். அதுக்கும் மேல பழைய ஸ்டாக்குன்னு எடுத்துக் குடுத்தா பெட்டிய அங்கயே பிரிங்க. லைனிங்ல துருக்கறை இருக்கா, ஈரம் பட்டு ஓரத்துல உப்பிருக்கா பாருங்க. ரிலீஸ் பேரிங் பழைய ஸ்டாக்குல இருந்தா எடுக்கவே எடுக்காதீங்க, உள்ள கிரீஸ் காஞ்சு போயிருக்கும், அதுக்கு மறுபடி கிரீஸ் அடிக்க வழியும் இல்ல.

எனக்கு ஒரு கடைல பிரஷர் பிளேட்டு நல்லதாவே கெடச்சுது. பிளேட்டும் கூடவே குடுத்தாங்க, நடு ஓட்டைல ஷாஃப்ட் நுழையற ஸ்ப்ளைன் பல்லு எண்ணுனா செரியாத்தான் இருந்துச்சு, பழைய பிளேட்டு மேல வெச்சா வட்டமும் ஒண்ணு தான், ஆனா கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல ஏத்தினா லொடலொடன்னு ஆடுது. பல்லு எண்ணிக்கை ஒண்ணா இருந்தாலும் ஷாஃப்ட்டோட தடிமன் வேறயா இருக்கலாம்ங்க. அமெரிக்கால ஷெவர்லே வண்டிக்காரங்களுக்கே இந்தப் பாடு இருக்கு, ஒரே இன்ஜினுக்கு 153 பல்லு ஃப்ளைவீல், 168 பல்லு ஃப்ளைவீல்னு ரெண்டு, பிளேட்டு பத்தரை இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மியா ஒண்ணு, 11 இஞ்சு ஒண்ணு, ஷாஃப்ட்டுல 10 ஸ்ப்ளைன் 26 ஸ்ப்ளைன்னு ரெண்டு வகை. அதனால வண்டி பேரச் சொல்லி வாங்காதீங்க, அளந்து வாங்குங்க, கியர்பாக்ஸ எறக்கினதுக்கப்பறம் கடைக்குப் போங்க. அந்தக் கடைக்காரத் தம்பி மொகம் கோணாம பிளேட்ட திருப்பி எடுத்துக்கிட்டாரு.

அப்பத்தான் கணபதி பட்டறை அண்ணன்கிட்டப் போனேன். மொதல் சோலியா அவரு பண்ணுனது என்னன்னா, பழைய பிளேட்டக் கைல வாங்கி ரெண்டு பக்கமும் வெளிச்சத்துல காட்டிப் பாத்துட்டு, நடுவுல பிசுபிசுன்னு இருந்த எண்ணெயத் தொட்டு மோந்து பாத்தாரு.

"ஏனுங்ணா, லைனிங் அடிச்சுட்டா போதுமுங்களா?"

"லைனிங் அடிக்கறது பெரிய சோலி இல்ல தம்பி. இது கியர் ஆயிலு. எங்கிருந்து வருதுன்னு பாக்காம அடிச்சுக் குடுத்தன்னு வெய்யி, ஆறு மாசத்துல மறுபடி வந்து நிப்ப, நின்னு என்னத்தான திட்டுவ?"

கியர் ஆயில்ல கந்தகம் கலந்த மருந்து போடறதால அதுக்குன்னு ஒரு நாத்தம் உண்டு, ஒருக்கா மோந்தா மறக்காது, இன்ஜின் ஆயில்ல அது இருக்காது. ஃப்ளைவீல் பக்கத்து முகத்துல எண்ணெய் இருந்தா கிராங்க் பின்னாடி சீல், பிரஷர் பிளேட்டுப் பக்கம் ஸ்ப்ளைனச் சுத்தி இருந்தா கியர்பாக்ஸ் முன் சீல்னு சொன்னாரு. என்றதுல ரெண்டாவது. லைனிங் தேஞ்சதோட இந்த எண்ணெயும் சேந்து தான் வழுக்கியிருக்கு. ரெண்டு சீலையும் மாத்திரு, எறக்குனது எறக்கியாச்சு, சீல் வெல என்ன பெருசான்னாரு. மாத்துனோம்.

அவரு வேலை பண்றத கிட்ட நின்னு பாக்கணும்ங்க. பழைய ரிவெட்ட ட்ரில்ல எடுத்தாரு, லைனிங் கழண்டதும் உள்ள இருக்கற மெல்லுசு தகட்ட ஒவ்வொண்ணா வெரலால தடவிப் பாத்தாரு, விரிசல் இருக்கான்னு. அந்தத் தகடு லேசா அலை மாதிரி வளைஞ்சிருக்கறதால தான் கிளட்ச் மெதுவாப் புடிக்குது, அது தட்டையாயிட்டா எந்த லைனிங் அடிச்சாலும் வண்டி குதிக்கும். பொறகு நடுவுல இருக்கற ஸ்பிரிங்க கட்டை வெரலால திருப்பிப் பாத்தாரு, ஒண்ணாச்சும் லூசா சுத்துனா பிளேட்டையே தூக்கிப் போடச் சொல்லிருவாராம், லைனிங் அடிக்க மாட்டாராம். என்றது கம்பெனி பிளேட்டு, எல்லாமே இறுக்கமா இருந்துச்சு. அதுக்கப்பறம் புது லைனிங்க வெச்சு பித்தளை ரிவெட்ட ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி, எதிரெதிரா அடிச்சு, தலை லைனிங்குக்குள்ள நல்லா முங்கியிருக்கான்னு ஆழம் பாத்தாரு. கடைசில மேன்ட்ரல்ங்கற ஒரு தண்டுல மாட்டி டயல் கேஜ வெச்சு சுத்துனாரு, அரை மில்லிக்கு மேல ஆடுனா தட்டி நேராக்கித் தான் குடுக்கறாரு. நாமக்கல் லாரியும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியும் பாத்த கை, அந்தக் கையில ஒரு அவசரம் இல்ல.

ஃப்ளைவீல்ல நீல நெறத்துல திட்டுத் திட்டா இருந்துச்சு, சூட்டுல இரும்பே கடுசாகிப் போன எடம் அது. லேத்துல ஒரு கட்டிங் போட்டுத் தரச் சொன்னேன். வேண்டாம்னுட்டாரு. அந்தக் கடுசான எடம் வர்றப்ப டூல் துள்ளிரும், அங்க மட்டும் மேடாவே நிக்கும், பாத்தா மினுமினுன்னு இருக்கும், மாட்டினா கிளட்ச் விடறப்ப வண்டி நடுங்கும், அதாவது ஜட்டர் அடிக்கும்னு சொல்லி பக்கத்துப் பட்டறைல சர்ஃபேஸ் கிரைண்டிங்ல குடுத்தாரு, கல்லு வெச்சுத் தேய்ச்சா மேடு பள்ளம் இல்லாம சமமா வரும், அதும் எவ்வளவு கம்மியா எடுக்க முடியுமோ அவ்வளவு தான் எடுக்கச் சொன்னாரு. ஃப்ளைவீல் எடையக் கொறச்சா பிக்கப் வரும்னு ஒரு பேச்சு ஓடுது, இந்த வண்டிக்கு அது வேண்டாங்க, ஃப்ளைவீல் கனம் தான் ஏத்தத்துல நகத்தறப்ப இன்ஜின் அணையாம காப்பாத்துது.

பட்டறையப் பத்தி கொறைன்னா ரெண்டு இருக்கு. லாரி வந்துட்டா நம்ம காரு சோலி பின்னாடி போயிரும், சொன்ன நாளுக்குக் கெடைக்காது, போன எடுக்கவே மாட்டாரு. இன்னொண்ணு தான் எனக்கு மனசுக்கு ஒப்பல, பழைய லைனிங் தூசிய ஏர் அடிச்சு ஊதறாங்க, அங்க இருக்கற பசங்க மொகத்துல ஒரு துணி கூட கட்டல. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க நெம்ப வாய்ப்பு இருக்கு, அந்தத் தூசி நுரையீரல்ல போயி ஒக்காந்தா எறங்காது, நோயா வெளிய வர்றதுக்குப் பல வருசம் ஆகும். ஈரத்துணில தொடச்சு எடுக்கச் சொல்லுங்கன்னு அண்ணன்கிட்டச் சொன்னேன், செரின்னாரு, அடுத்து போறவங்களும் சொல்லுங்க, நாலு பேரு சொன்னா மாத்துவாரு. நீங்க ஊட்டுல கழட்டினாலும் பெல் ஹவுசிங்க ஏர் வெச்சு ஊதாதீங்க.

காசு விசயத்துல பெரியப்பா சொன்னது செரி தான், லைனிங், கிரைண்டிங், சீல் எல்லாம் சேத்தும் புது பிரஷர் பிளேட்டு வெலைக்குக் கம்மியாத்தான் வந்துச்சு. ஆனா பிரஷர் பிளேட்ட மட்டும் பழசையே ரிப்பேர் பண்ணிப் போடாதீங்க, டயஃப்ரம் களைச்சுப் போனது கண்ணுக்குத் தெரியாது. ரிலீஸ் பேரிங்கும் கிராங்க் நுனில இருக்கற பைலட் பேரிங்கும் கண்ணை மூடிட்டு மாத்திருங்க, அம்பது நூறு மிச்சம் புடிச்சுட்டு மறுபடி கியர்பாக்ஸ எறக்கறதுக்கு யாருக்குங்க தெம்பு இருக்கு.

மாட்டுனது பொள்ளாச்சில எங்க வழக்கமான மெக்கானிக். பழைய இன்புட் ஷாஃப்ட்ட விட்டு பிளேட்ட நடுவுல நிறுத்தி, போல்ட்ட எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, ஸ்ப்ளைன்ல நகத்துல எடுத்தாப்ல துளி கிரீஸ் தடவி ஏத்தினாரு. கிரீஸ் எச்சா ஆச்சுன்னா சுத்தறப்ப வீசி லைனிங்ல தான் போயி ஒட்டும்.

இப்ப எப்புடி இருக்குன்னா, மொதல் 500, 600 கிலோமீட்டர் நெகமம், கிணத்துக்கடவுன்னு ஊருக்குள்ளயே பதமா ஓட்டிப் பழக்கிட்டு, பொறகு தான் வால்பாறை ஏத்துனேன். நாப்பது கொண்டை ஊசி வளைவு. ஒம்பதாவது வளைவு லோம்ஸ் வியூ பக்கம் கூட்டம், முன்னாடி ஒரு அரசு பஸ்ஸு, நின்னு நின்னு போகுது, நானும் அரை கிளட்ச்லயே தொத்திக்கிட்டு ஏறுனேன், குதிக்கல, நடுங்கல, நாத்தம் வரல, கால எடுக்கற அளவுக்கு அளவா வண்டி நகருது. எங்க தோப்பு வழில ஒரு ஏத்தம் இருக்கு, அதுல ரிவர்ஸ்ல ஏத்திப் பாத்தேன், ஜட்டர் இருந்தா அங்க தான் பல்லு கடகடன்னு அடிக்கும், அங்கயும் சுத்தம். பெடல் அம்மாவே மிதிச்சு ஓட்டற அளவுக்கு லேசா இருக்கு. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரைய தூசிக்காகவும் தாமதத்துக்காகவும் புடிச்சு வெச்சிருக்கேன்.

போறவங்க காத்தால வெள்ளன போயிருங்க, பத்து மணிக்கு மேல லாரிக்காரங்க வரிசை நிக்கும். ஜிபே வாங்கிக்கறாரு. ஃப்ளைவீலையும் பழைய பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் சேத்து எடுத்துட்டுப் போங்க, போறதுக்கு முன்னாடி மண்ணெண்ணெய் பெட்ரோல்னு எதுலயும் கழுவிறாதீங்க, அந்த எண்ணெயும் கறையும் இருந்தாத்தான் அவரு பாத்துச் சொல்ல முடியும், தூசி பறக்காம ஒரு கவர்ல கட்டி எடுத்துட்டுப் போனாப் போதும்.